கொங்கோ மன்னரின் மடல்கள்

அரசர் ஒருவர் மற்றோர் அரசரைச் ‘சகோதரர்’ என விளித்து மடல் வரைவது ஐரோப்பிய அரசவைகளின் வழக்கம். அது பெரும்பாலும் வெறும் மரியாதைச் சொல்லே. அச்சொல்லை உண்மையென ஏற்ற ஆப்பிரிக்க மன்னர் ஒருவரைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

1480-களில் போர்ச்சுகீசிய மாலுமி தியோகோ காவ் கொங்கோ ஆற்றின் முகத்துவாரத்தை அடைந்தார். தலைநகரும் மாநில ஆளுநர்களும் உடைய முறையான அரசு ஒன்று அங்கே இருந்தது. இரு நாடுகளும் தூதுவர்களைப் பரிமாறிக்கொண்டன. 1491-இல் கொங்கோ மன்னர் திருமுழுக்குப் பெற்றார். அவருடைய மகன் அஃபோன்சோ 1509 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆட்சி புரிந்தார், பள்ளிகளை நிறுவினார். போர்ச்சுகலில் கல்வி பயின்ற அவருடைய மகன் என்றிக்கேயை 1518-இல் திருத்தந்தை பத்தாம் லியோ ஆயராக நியமித்தார்.

ஆனால் வாணிகக் கப்பல்கள் மனிதரையும் ஏற்றிச் சென்றன. 1526-இல் அஃபோன்சோ போர்ச்சுகல் மன்னர் மூன்றாம் யோவானுக்கு மடல் வரைந்தார். குடிமக்களும் பிரபுக்களின் பிள்ளைகளும், தம் உறவினருங்கூடக் கடத்தப்படுகின்றனர், நாடே வெறுமையாகிறது என முறையிட்டார். குருக்களும் ஆசிரியர்களும், திருப்பலிக்கு வேண்டிய இரசமும் மாவும் தவிர, வேறெதுவும் தமக்கு வேண்டாம் என்றார். போர்க் கைதிகளை விற்பதை அவரும் தவறாகக் கருதவில்லை என்பதை மறைப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. விலைக்கு வாங்கப்படுவோர் கைதிகளா, சுதந்திர மக்களா என ஆராய அலுவலர் மூவரை அவர் அமர்த்தினார். எனினும் அடிமை வாணிகம் ஓயவில்லை.

இதே மூன்றாம் யோவான்தான் 1541-இல் புனித சவேரியாரைக் கிழக்கே அனுப்பியவர். நம் முத்துக்குளித்துறையில் உழைத்த சவேரியாரும், போர்ச்சுகீசிய அதிகாரிகளின் போக்கைக் குறித்து அவருக்கே வருந்தி எழுத நேர்ந்தது!

பின்வந்த கொங்கோ மன்னர்கள், போர்ச்சுகலின் இடையீடின்றி உரோமையோடு நேரடி உறவு நாடினர். 1604-இல் மன்னர் இரண்டாம் ஆல்வரோ, அந்தோனியோ மனுவேல் என்பவரைத் தூதுவராக அனுப்பினார். வழியில் கொள்ளை, நோய், ஐரோப்பிய அரசவைகளில் நெடிய காத்திருப்பு. உடன் வந்தோர் பலர் மாண்டனர். 1608 சனவரியில், சாகும் தறுவாயில் அவர் உரோமை சேர்ந்தார். திருத்தந்தை ஐந்தாம் பவுல் அவருடைய படுக்கைக்கே சென்று ஆசி வழங்கினார். மூன்று அரசர்கள் திருநாளன்று நடைபெறவிருந்த வரவேற்பைக் காணாமல், அதற்கு முந்திய இரவில் அவர் உயிர்துறந்தார்.

2025-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அடக்கம் செய்யப்பட்ட தூய மேரி மேஜர் பெருங்கோவிலில்தான் அவரும் அடக்கம் செய்யப்பட்டார். கரும்பளிங்கில் செதுக்கிய அவரது மார்பளவுச் சிலை இன்றும் அங்கே உள்ளது.