டேட்டாபேஸ்காரன் பார்த்த குபர்னெட்டீஸ் 1.0

2015 பிப்ரவரியில் குபர்னெட்டீஸ் குழு ஒரு பட்டியல் போட்டது. இவ்வளவும் முடிந்தால்தான் 1.0 என்று பெயர் வைக்கலாம் என்பது கணக்கு. ஜூலை 21 அன்று, அமெரிக்காவின் போர்ட்லண்டில் நடந்த ஆஸ்கான் மாநாட்டின்போது 1.0 வெளியானது. ஆனால் எங்கள் ஆட்கள் காத்திருந்த ஒன்று வரவில்லை. எங்கள் ஆட்கள் என்றால் டேட்டாபேஸைக் கட்டி மேய்ப்பவர்கள். புதிதாக எது வந்தாலும், 'மெஷின் செத்தால் டேட்டா என்ன ஆகும்?' என்று முதலில் கேட்டு எல்லோருடைய உற்சாகத்தையும் கெடுக்கிற கூட்டம்.

செயலிகளைப் பொட்டலமாகக் கட்டி ஓட்டும் கன்டெய்னர்கள் நூற்றுக்கணக்கில் பெருகும்போது எது எந்த சர்வரில் ஓட வேண்டும், ஒன்று விழுந்தால் வேறெங்கே எழுப்ப வேண்டும் என்று பார்த்துக்கொள்வதுதான் குபர்னெட்டீஸின் வேலை. இதே வேலையை கூகுளுக்குள் போர்க் என்ற மென்பொருள் பல ஆண்டுகளாகச் செய்துவந்தது. வாரத்துக்கு 200 கோடிக்கும் மேல் கன்டெய்னர்களைக் கிளப்புகிறோம் என்று கூகுளின் ஜோ பீடா 2014-இல் ஒரு மேடையில் சொன்னார். அவரும் பிரெண்டன் பர்ன்ஸும் கிரெய்க் மெக்லக்கியும் தொடங்கிவைத்ததுதான் குபர்னெட்டீஸ். 2014 ஜூன் 6 அன்று முதல் கமிட் பொதுவெளிக்கு வந்தது: 250 ஃபைல்கள், 47,501 வரிகள். அடுத்த பதின்மூன்று மாதங்களில் அது 1.0 ஆனது.

போர்க் பற்றிய ஆய்வுக் கட்டுரை 2015 ஏப்ரலில் வெளியானது. அதில் நான் திரும்பத் திரும்பப் படிப்பது, எங்கெங்கே சறுக்கினோம் என்று அவர்களே எழுதியிருக்கும் பகுதியை. போர்க்கில் ஒரு மெஷினுக்கு ஒரே ஐபி முகவரி. அதில் ஓடும் அத்தனை வேலைகளும் போர்ட் எண்களைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். வேலைகளைத் தொகுக்க 'ஜாப்' என்ற ஒரே வழிதான் இருந்தது. அமைப்பை எழுதும் மொழியில் சுமார் 230 அளவுருக்கள். கைதேர்ந்தவனுக்கு விருந்து, புதியவனுக்குத் தலைவலி. குபர்னெட்டீஸ் இந்த வலிகளைத் தெரிந்துகொண்டே பிறந்தது. சேர்ந்தே ஓடும் கன்டெய்னர்களின் சிறு கூட்டத்துக்கு 'பாட்' என்று பெயர்; ஒவ்வொரு பாடுக்கும் தனி ஐபி கொடுத்தார்கள், தொகுப்பதற்கு லேபிள் வைத்தார்கள். தனி ஐபியின் அருமை எங்களுக்குத்தான் தெரியும். மைஎஸ்கியூஎல் 3306-லேயே இருக்கும், போஸ்ட்கிரெஸ் 5432-லேயே இருக்கும்; எந்த போர்ட்டில் எது என்று எக்ஸெல் ஷீட் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பிப்ரவரி பட்டியலுக்கு வருவோம். நோடுகள், அதாவது மெஷின்கள், கிளஸ்டரில் சேரவும் விலகவும் முடிய வேண்டும். நோடு செத்தால் சமாளிக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கிளஸ்டரையே அப்கிரேட் செய்ய முடிய வேண்டும். படிப்படியான அப்டேட் பாதியில் தோற்றால் நாசூக்காகத் தோற்க வேண்டும். பாட்களுக்கு முன்னால் நிற்கும் பொது முகவரியான சர்வீஸுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட போர்ட்கள் வேண்டும். அளவுக்கு என்ன இலக்கு தெரியுமா? 100 நோடுகள், ஒவ்வொன்றிலும் 30 முதல் 50 பாட்கள். போர்க்கில் ஒரு சாதாரண கிளஸ்டரே பத்தாயிரம் மெஷின்களைத் தொடும். அதைக் கட்டிய வீட்டிலிருந்து வந்தவர்கள் நூறு போதும் என்று எழுதியதை நான் பெரிய தன்னடக்கம் என்பேன். பிறகு 1.1-இல் 250, 1.2-இல் 1000 என்று நிதானமாக ஏறினார்கள்.

பட்டியலின் முதல் வரியில் இருந்தது ஒழுங்கான வி1 ஏபிஐ. வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சப்பென்றிருக்கும். ஆனால் அந்த ஓராண்டில் ஏபிஐ வி1பீட்டா1, வி1பீட்டா2, வி1பீட்டா3 என்று உருமாறிக்கொண்டே வந்தது. 'மினியன்' என்று அழைத்த மெஷின் 'நோடு' ஆனது. வேண்டிய நிலை, இப்போதைய நிலை என்று ஆரம்பத்தில் எழுதியவை ஸ்பெக், ஸ்டேட்டஸ் ஆயின. சர்வீஸின் 'போர்ட்டல் ஐபி'கூட 'கிளஸ்டர் ஐபி' ஆகிவிட்டது. முன்கூட்டியே உற்சாகமாக இறங்கியவர்கள் தங்கள் ஃபைல்களைத் திரும்பத் திரும்ப எழுதியிருப்பார்கள். வி1 என்பது இனி அப்படி நடக்காது என்ற வாக்கு. ஒரு வசதியைக் கைவிடுவதானால் எப்படிக் கைவிடுவது என்ற கொள்கையையும் வகுக்க வேண்டும் என்று அதே பட்டியல் கேட்டது.

எங்கள் விஷயமும் அதில் இருந்தது. 'நாமினல் சர்வீஸ்' என்று பெயர். ஒவ்வொரு பாடுக்கும் நிலையான முகவரி. கிட்ஹப்பில் 260 என்ற எண்ணுள்ள கோரிக்கை. அந்தச் சிறிய எண்ணே சொல்லும், திட்டம் பிறந்தவுடனேயே எழுந்த கேள்வி அது. வெப் சர்வர் பத்து ஓடினால் எது எது என்று யாரும் கேட்பதில்லை. டேட்டாபேஸ் கிளஸ்டரில் அப்படி இல்லை. பிரைமரி யார், ரெப்ளிகா யார், எந்த டிஸ்க் யாருடையது என்று தெரிந்தாக வேண்டும். பாட்களின் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ளும் ரெப்ளிகேஷன் கன்ட்ரோலரோ, செத்த பாடுக்குப் பதிலாக வேறு பெயரும் வேறு ஐபியும் கொண்ட புதிய பாடை எழுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடும்.

ஆகவே 1.0-இல் டேட்டாபேஸ்காரனுக்குக் கிடைத்தது அரைச் சாப்பாடு. நிலையான டிஸ்க்கும், அதைக் கேட்டுப்பெறும் வழியும் வந்துவிட்டன. வேர்ட்பிரஸ் ஒரு பாட், அதன் மைஎஸ்கியூஎல் ஒரு பாட், ஆளுக்கொரு டிஸ்க் என்ற எடுத்துக்காட்டு நன்றாகவே ஓடும். பல பாட்களில் பரவி ஓடும் டேட்டாபேஸான கஸாண்ட்ராவின் எடுத்துக்காட்டைப் பார்த்தால்தான் உண்மை புரியும். கூட்டாளிகளின் முகவரியை குபர்னெட்டீஸிடமே விசாரித்து அறிய, தனியாக ஜாவா கோட் எழுதிச் செருக வேண்டியிருந்தது. டேட்டா இருந்ததோ பாடோடு சேர்ந்து அழிந்துபோகும் தற்காலிக டைரக்டரியில்.

நாங்கள் என்ன செய்தோம்? டேட்டாபேஸை கிளஸ்டருக்கு வெளியே, பழைய மெஷின்களிலேயே விட்டுவிட்டோம். பாட்களைத் தேர்ந்தெடுக்கும் செலக்டர் இல்லாத சர்வீஸ் ஒன்றை உருவாக்கி, எண்ட்பாயிண்ட்டில் வெளி ஐபியைக் கையால் எழுதிவிட்டால், உள்ளே இருக்கும் பாட்களுக்கு டேட்டாபேஸ் வீட்டுக்குள் இருப்பதுபோலவே தோன்றும். இன்றும் பல இடங்களில் இந்த ஏற்பாடு ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

260-க்கு விடை 2016 ஜூலையில், 1.3 பதிப்பில், 'பெட்செட்' என்ற பெயரில் ஆல்ஃபாவாக வந்தது. பெயர் சொல்லி வளர்க்கும் பிராணி வேறு, எண்ணிக்கைக்கு மட்டும் இருக்கும் மந்தை மாடு வேறு என்ற பழைய சர்வர் அறைப் பேச்சிலிருந்து எடுத்த பெயர். அது பலருக்கு உறுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில், 1.5-இல், 'ஸ்டேட்ஃபுல்செட்' என்று மாற்றினார்கள். நிலையான வசதி என்று அறிவித்தது 2017 டிசம்பரில், 1.9-இல். ஆக, 1.0-க்குப் பிறகு இரண்டரை ஆண்டுகள்.

தள்ளிப்போட்டது சரிதான் என்பது என் கட்சி. 2015-இன் அவசரத்தில் ஏதோ ஒரு வடிவத்தை வி1-க்குள் அடைத்திருந்தால், கொடுத்த வாக்குக்குக் கட்டுப்பட்டு அதைச் சுமந்தே தீர வேண்டும். அப்படிச் சுமப்பது எப்படியிருக்கும் என்பதற்கு ரெப்ளிகேஷன் கன்ட்ரோலரே சாட்சி. 1.0-இன் நாயகன் அதுதான். ஓராண்டுக்குள் ரெப்ளிகாசெட்டும் டிப்ளாய்மென்ட்டும் வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ரெப்ளிகேஷன் கன்ட்ரோலரோடு ஜோடியாக வந்த 'ரோலிங்-அப்டேட்' கட்டளை நம் மடிக்கணினியிலிருந்தே ஒவ்வொரு படியையும் ஓட்டும். நடுவில் லேப்டாப்பை மூடினால் அப்டேட்டும் நடுவிலேயே நின்றுவிடும். அது வெறும் கட்டளை என்பதால் 2020-இல் 1.18 பதிப்பில் நீக்கிவிட முடிந்தது. ரெப்ளிகேஷன் கன்ட்ரோலர் வி1 ஏபிஐயின் பகுதி ஆயிற்றே, அதனால் நீக்கவில்லை. புதிய கிளஸ்டரில் பழைய ஃபைல் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள், எந்த முணுமுணுப்பும் இல்லாமல் பாட்களை எழுப்பித்தரும்.