விவாக தினமும் புகைப்படமும்

விவாகத்திற்கு நாள் பார்க்கிறோம். நாளில் வேளை பார்க்கிறோம். இன்ன லக்கினம் என்று பத்திரிகையில் அச்சிட்டுச் சுற்றத்தார்க்கெல்லாம் முன்கூட்டியே தெரிவிக்கிறோம். இராகுகாலம் என்று மூன்றே முக்கால் நாழிகையை விலக்குவதிலும் தவறுவதில்லை. ஆனால் அந்நாளின் நினைவாகத் தலைமுறை தலைமுறையாய் வீட்டிலே நிற்கப்போகும் புகைப்படத்திற்கு மட்டும் ஒரு வேளை குறிப்பதில்லை. கிடைத்த நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். அதனால் விளையும் இடர்ப்பாடு நம்மவர் யாவரும் அறிந்ததே. மணவினைக்கும் படத்திற்கும் இடையே இப்பூசல் எவ்வாறு தோன்றிற்று என்பதைச் சரித்திர முறையில் நோக்கினால், அதைத் தீர்க்கும் வழியும் புலப்படும். ஆதலின் அதனை ஈண்டுச் சுருக்கி எழுதத் துணிந்தோம்.

முற்காலத்தில் கலியாணம் ஒரு நாளில் முடிவதன்று. தமிழ்நாட்டில் பல சமூகத்தாரிடத்தும் அது மூன்று நாளும் ஐந்து நாளும் நடந்ததுண்டு. மாட்டு வண்டியில் நெடுந்தூரம் வந்த பந்துக்கள் உடனே திரும்புவதும் இயலாது. மாப்பிள்ளை அழைப்பு ஒரு பொழுது, திருப்பூட்டு ஒரு பொழுது, நலங்கும் ஊஞ்சலும் வேறு பொழுது என்று ஒவ்வொன்றும் தனக்குரிய வேளையில் அமைதியாக நடந்தது. பெரியவர்களை வணங்கி ஆசி பெறவும், உறவினரை இன்னார் என்று மணமக்களுக்கு அறிவிக்கவும் பொழுது தாராளமாக இருந்தது. அக்காலத்தில் படம் என்பதே இல்லை. கண்டவர் வாய்மொழியே சாட்சி; அவர் மறைந்தால் அச்சாட்சியும் மறையும்.

நிற்க, புகைப்படக் கலை பிறந்த ஐரோப்பாவில் அது மணவீட்டிற்குள் நுழைந்த விதத்தைக் காண்போம். 1839-ம் ஆண்டு ஆகஸ்டு 19-ந் தேதி பாரிஸ் நகரில், தாகேர் என்பவர் கண்ட முறை உலகத்தார்க்கு வெளியிடப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் உருவத்தைப் பதிக்கும் அம்முறையில், தொடக்கத்தில் ஒரு படத்திற்கே பல நிமிஷம் அசையாதிருக்க வேண்டும். அடுத்த ஆண்டு பிப்ரவரி 10-ந் தேதி இங்கிலாந்தில் விக்டோரியா அரசியாருக்கும் ஆல்பர்ட் கோமகனுக்கும் விவாகம் நடந்தது. அதற்குப் புகைப்படம் கிடையாது. ஜார்ஜ் ஹேட்டர் என்னும் ஓவியர் தீட்டிய சித்திரமே உண்டு. அது முடிவு பெற 1842-ம் ஆண்டாயிற்று. 1854-ல் ரோஜர் பென்டன் என்பவர் அவ்விருவரையும் எடுத்த படங்களை மணக்கோலப் படங்கள் என்று சிலர் மயங்குவர். அவை மணமாகிப் பதினான்கு ஆண்டு கழித்து அரசவை உடையில் எடுக்கப்பட்டவையாம்.

1858-ம் ஆண்டு ஜனவரி 25-ந் தேதி அவ்வரசியாரின் மூத்த புதல்விக்கும் பிரஷ்ய நாட்டு இளவரசர் பிரெடரிக் வில்லியத்திற்கும் மணம் நடந்தது. மணமகளுக்கு வயது பதினேழு. அன்று காலை, ஆலயத்திற்குப் புறப்படுமுன், தந்தையும் தாயும் மகளுமாக மூவரும் வில்லியம்ஸ் என்னும் படக்காரருடைய கருவியின் முன் நின்றார்கள். மகளைப் பிரியும் நாளல்லவா? அரசியாருக்கு உடல் நடுங்கிற்று. அதனால் அவர் முகம் தெளிவின்றிப் பதிந்துவிட்டது. இதனை அவரே தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். எட்டு நாள் கழித்துப் பிப்ரவரி 2-ந் தேதி மகள் ஜெர்மனிக்குப் புறப்பட்டாள். 1861-ம் ஆண்டு டிசம்பரில் தந்தையார் காலமானார். 1863-ம் ஆண்டு மார்ச்சு மாதம் மூத்த குமாரர் எட்வர்டு மணம் புரிந்தபோது, அரசியார் மணமக்களுடன் ஒரு படம் எடுத்துக்கொண்டார். அதிலே ஆல்பர்ட் கோமகன் இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய மார்பளவுச் சிலையே இருக்கிறது. ஐந்தாண்டுக்கு முன் ஒரு காலைப் பொழுதில் சில நிமிஷம் ஒதுக்கியிராவிடில், மணக்கோலத்து மகளோடு தந்தை நிற்கும் அப்படம் அக்குடும்பத்திற்கு இல்லாது போயிருக்கும். முகம் மங்கியதாயினும் அப்படம் இன்றளவும் போற்றிக் காக்கப்படுகிறது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். 1856-ம் ஆண்டிலேயே சென்னையில் புகைப்படச் சங்கம் ஒன்று ஏற்பட்டது. சென்னை ஓவியப் பள்ளியை நிறுவிய அலெக்ஸாண்டர் ஹன்டர் அதற்கு முன்னின்றார். அதே ஆண்டு சென்னை மாகாணத்தின் படக்காரராக நியமிக்கப்பெற்ற லின்னேயஸ் டிரைப் என்னும் இராணுவ அதிகாரி, 1858-ல் மதுரை, தஞ்சை, ஸ்ரீரங்கம் முதலிய தலங்களின் கோயில்களைப் படமெடுத்தார். அக்காலத்தில் வழங்கிய கண்ணாடித் தகட்டு முறை 1851-ல் ஆர்ச்சர் என்பவர் வெளியிட்டது. தகட்டில் மருந்து பூசி, ஈரம் புலருமுன் படமெடுத்து, அப்பொழுதே இருட்டறையில் கழுவி முடித்தாக வேண்டும். அத்தகைய கருவியை மணப்பந்தலுக்குள் கொண்டுவருதல் எளிதோ? 1871-ல் மேடாக்ஸ் என்பவர் உலர்தகட்டு முறைக்கு வழி கண்ட பின்னரே அத்தொல்லை குறையலாயிற்று.

ஆகவே நம்மவர் நெடுங்காலம் ஒரு நல்ல வழக்கத்தைக் கைக்கொண்டிருந்தனர். விவாகம் முடிந்து சில நாள் கழித்து, மணமக்கள் மீண்டும் பட்டுடுத்து நகை பூண்டு, பட்டணத்துப் படக்கடைக்குச் செல்வர். கணவன் நாற்காலியில் அமர, மனைவி அருகே நிற்க, பின்னே எழுதிய திரை தொங்க, ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்புவர். பழைய வீடுகளின் கூடத்தில் இன்றும் அப்படங்களைக் காணலாம். அது மணவினையின் நேரத்தைத் தொடவில்லை. மணவினையும் அதன் நேரத்தைப் பறிக்கவில்லை. ஆயினும் அப்படத்தில் ஒரு குறை உண்டு. மணமக்கள் இருவர் மட்டுமே அதில் இருப்பர். வாழ்த்திய பெரியோர் எவரும் இரார்.

பின்னர்க் கருவி வேகம் பெற்றது. 1887-ல் ஜெர்மனியில் மக்னீசியப் பொடியைக் கொளுத்தி வெளிச்சம் உண்டாக்கும் முறை கண்டனர். அதில் புகையும் உண்டு, தீப்பற்றும் அச்சமும் உண்டு. 1925-ல் லைக்கா என்னும் கையடக்கக் கருவி விற்பனைக்கு வந்தது. 1929-ஐ ஒட்டிப் புகையில்லாத மின்வெட்டு விளக்கும் வந்து சேர்ந்தது. படமெடுப்போர் பந்தலுக்குள்ளும், பின் மணமேடை மீதும் ஏறினர். அப்பொழுதும் சிறு பிலிம் சுருள் ஒன்றில் 36 படமே அடங்கும். ஆதலால் ஒவ்வொன்றையும் எண்ணி எடுத்தனர். எண்ணியல் கருவி வந்த பின் அந்த எண்ணிக்கையும் போயிற்று.

கருவி விரைந்த அதே காலத்தில் கலியாணம் குறுகிற்று. செலவைச் சுருக்க வேண்டும் என்னும் நல்லெண்ணமும், உத்தியோகஸ்தர்க்கு விடுமுறை கிடைப்பதன் அருமையும், முதல்நாள் மாலை புகுந்து மறுநாள் பிற்பகல் ஒழித்துத் தரவேண்டிய வாடகை மண்டபமும் சேர்ந்து, ஐந்து நாளை ஒன்றரை நாளாக்கின. இவ்வாறு நாள் குறையக் குறையப் படம் பெருகிற்று. பூசலுக்கு மூலகாரணம் இதுவே. ஒரு தகட்டிற்காகத் தனிப்பொழுது ஒதுக்கிய நாம், ஆயிரம் படத்திற்கு ஒரு பொழுதும் ஒதுக்காமல், அவற்றை முகூர்த்தத்திற்குள்ளேயே திணிக்கலானோம்.

இதன் பயன் யாது? சாஸ்திரக் கணக்கில் முகூர்த்தமாவது இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிஷம். அதற்குள்ளே "இப்புறம் திரும்புங்கள், மறுபடி கட்டுங்கள்" என்னும் குரல் புகுகிறது. அட்சதையை ஏந்தி நிற்கும் மூத்தோர்க்குப் படமெடுப்போர் முதுகே தெரிகிறது. விருந்தினர் வரிசையில் காத்து நிற்கின்றனர். இருநூறு குடும்பத்திற்குக் குடும்பம் ஒன்றுக்கு ஒரு நிமிஷம் என்று வைத்தாலும் மூன்று மணி இருபது நிமிஷம் ஆகிறது. மணமக்களோ காலைமுதல் உண்ணாமல் வாடுகின்றனர்.

இவற்றினும் பெரிய தீங்கு ஒன்று உண்டு. முண்டியடித்து மேடையேற வல்லவரே படத்தில் இடம் பெறுகின்றனர். காது மந்தமான பாட்டனார் பந்தியில் உண்டு, வண்டிக்கு நேரமாயிற்று என்று போய்விடுகிறார். கணவனை இழந்த தாய், தன் வயிற்றிற் பிறந்த மகளின் மணத்தில், மங்கலத்திற்கு ஆகாது என்று தூணோரம் ஒதுங்கி நிற்கிறாள், அவளை அழைப்பாரில்லை. பொருளைத் தேடி அம்மகளை வளர்த்தவள் அவளன்றோ? பேரப்பிள்ளைகள் படத்தொகுதியைப் புரட்டும் காலத்தில், அவள் முகம் ஒரு பக்கத்திலும் இராது. இது நம் குடும்பங்களுக்குத் தகுமா என்று அன்பர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும்.

ஆதலின் செய்யத்தக்கது எளிது. முகூர்த்தத்தை நடுவில் வைத்து, அதற்கு முன்னும் பின்னும் படத்திற்கென்று பொழுது வகுத்தல் வேண்டும். உதாரணமாக, முகூர்த்தம் காலை 7.30 முதல் 9 மணி வரை என்று கொள்வோம். மணமகள் அலங்காரம் 6 மணிக்கு முடியுமாறு தொடங்கவேண்டும். 6 முதல் 6.30 வரை மணமகளும் மணமகனும் தத்தம் பெற்றோருடனும், பாட்டன் பாட்டியருடனும், உடன்பிறந்தாருடனும் தனித்தனியே படம் எடுத்துக்கொள்ளலாம். காலை வெயில் மென்மையானதாகையால் முற்றத்தில் எடுத்தால் முகம் தெளிவாக அமையும். விதவைத் தாயாரை முதற்படத்திலேயே மகளருகில் நிறுத்துக. அதன்பின் அரைமணி நேரத்தை எதற்கும் ஒதுக்காமல் விட்டுவைத்தல் நலம். தாமதம் எங்கேனும் நேராதிராது.

மேடையில் சடங்கு நடக்கும்போது படமெடுப்போர் இருவர்க்கு மேல் வேண்டாம். எவரும் மணமக்களுக்கு முன் நின்று மறைத்தலாகாது. செய்த சடங்கைப் படத்திற்காக மறுமுறை செய்யச் சொல்லுதலும் கூடாது. தாலி கட்டி, அம்மி மிதித்து, ஆசி பெற்றபின், 9 முதல் 9.40 வரை குடும்பப் படங்கள் எடுக்கலாம். தொகுதி ஒன்றுக்கு இரண்டு நிமிஷமாக இருபது தொகுதி முடியும். யார் யார் என்னும் ஜாபிதாவை உறவுமுறை அறிந்த தாய்மாமன் ஒருவர் முதல்நாளே எழுதி, ஒரு பிரதியைப் படமெடுப்பவரிடமும், மற்றொன்றை அழைத்து வரும் இளைஞன் ஒருவனிடமும் கொடுக்க வேண்டும். வயதில் மூத்தவர், நெடுந்தூரம் போகவேண்டியவர், கைக்குழந்தை உடையவர் ஆகியோர் ஜாபிதாவில் முதலில் நிற்க வேண்டும். அதன்பின் மணமக்கள் உணவு கொள்க. நண்பர்களும் பிறரும் மாலை வரவேற்பில் படம் எடுத்துக்கொள்ள இடமுண்டு.

நாட்குறித்து லக்கினப் பத்திரிகை எழுதும் அன்றே, மற்றொரு தாளில் இந்நேர வகுப்பையும் எழுதி இரு வீட்டாரும் ஒப்புக்கொள்வார்களாக. அதற்கு ஒரு காசும் செலவில்லை. இவ்வாண்டு நம் சங்கத்துக் குடும்பங்களில் நடைபெறும் விவாகங்களில் இதனைக் கைக்கொண்டு, பந்தியில் அமர்ந்த பெரியவர்களுள் படத்தில் இடம்பெறாதவர் ஒருவரும் இல்லை என்னும்படி செய்யுமாறு அன்பர்களையும் தாய்மார்களையும் வேண்டிக்கொள்கிறோம்.