ராக்கெட் படையும் பரங்கிப்பேட்டைப் பாடமும்

தனித்திறன் பெற்ற சிறுபடை பெரும்போரில் எவ்வளவு சாதிக்கும்? விடை நம் மீன்சுருட்டிக்கு வடகிழக்கே, வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் உள்ளது.

1780 செப்டம்பர் 10 அன்று, காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில், மைசூரின் ராக்கெட்டுகளும் பீரங்கிகளும் பொழிந்த நெருப்பில் கர்னல் பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் பெரும்படை சூழ்ந்து நின்றதால் அந்நெருப்பு வெற்றியாயிற்று.

1781 ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையிலோ, மணல்மேடுகளுக்கிடையே வழிகண்ட ஐர் கூட் பக்கவாட்டில் தாக்கினார், பெரும்படை நிலைகுலைந்தது. ராக்கெட் வீரர்களால் அதை ஈடுசெய்ய இயலவில்லை.

சிறுகுழுவும் பெருங்கூட்டமும் ஒன்றையொன்று காக்க வேண்டும். உஹதுக் களத்தில் 50 வில்லாளர்களில் பெரும்பாலோர் குன்றைவிட்டு இறங்கியபோது நேர்ந்த இழப்பும் நமக்கு இதையே உணர்த்துகிறது.