வலைக்கண்ணில் நழுவிய கடல்

புதுவைக்கு வடக்கே, பிள்ளைச்சாவடிக் கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் ஒருமுறை என்னிடம், "தண்ணி கண்ணாடியாட்டம் தெளிஞ்சு கெடந்தா வெறுங்கையோடதான் திரும்பணும் சார்" என்றார். தெளிந்த நீரில் மீன் வலையைக் கண்டு விலகிவிடும் என்பது அவர் சொன்ன காரணம். ஆழ்கடலைப் பொறுத்தவரை கடலியலார் காட்டும் காரணம் வேறு: தெளிந்த நீலம், உரச்சத்தற்ற கடலின் நிறம். ஆனால் அந்த வறுமையை அளந்த வரலாறு, வலைக்கண்ணின் வரலாறும்கூட.

நீரின் போக்கில் மிதந்தலையும் உயிர்களுக்கு 1887இல் 'பிளாங்டன்' என்று பெயரிட்டவர் ஜெர்மனியின் கீல் நகரப் பேராசிரியர் விக்டர் ஹென்சன். 1889இல் 'நேஷனல்' என்னும் கப்பலில் அட்லாண்டிக்கைச் சுற்றிவந்தார். மாவு சலிக்கும் பட்டுத்துணியால் தைத்த வலையில் விழுந்தவற்றை ஒவ்வொன்றாக எண்ணச் செய்தார். வெப்பமண்டலக் கடலே செழிப்பானது என்றிருந்த எதிர்பார்ப்பு பொய்த்தது; குளிர்ந்த வடகடலே வளமானது என்றது கணக்கு. எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1890இல் சீறி எழுந்தார். கடலுயிர்கள் சீராகப் பரவியிராதபோது, சில இடங்களில் எண்ணிவிட்டுப் பெருங்கடலுக்கே கணக்குச் சொல்வதா என்பது அவர் வாதம். ஹெக்கல் வாதத்தில் நியாயமுண்டு. ஆயினும் வெப்பக்கடலின் வறுமை குறித்து ஹென்சனே சரி.

வலையைச் சந்தேகித்தவரும் கீல் நகரத்தவரே. 'ஒய்க்கோப்ளூரா' என்னும் சிற்றுயிர் தன்னைச் சுற்றிச் சளிபோன்றதொரு கூடு கட்டி, அதன்வழி நீரை வடித்து உண்ணும். அக்கூட்டைப் பிரித்துப் பார்த்த ஹான்ஸ் லோமன், பட்டுவலையில் ஒருபோதும் சிக்காத நுண்ணுயிர்களை அங்கே கண்டார். சில மில்லிமீட்டர் உயிர் நெய்த வலை, மனிதர் தைத்ததை வென்றுவிட்டது!

நம் கடலுக்கு வருவோம். 1959 முதல் 1965 வரை நடந்த பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வில், இந்தியக் கடற்படையின் 'கிஸ்ட்னா' கப்பலும் கலந்துகொண்டது. 200 மீட்டர் ஆழத்திலிருந்து மேலிழுக்கப்பட்ட வலையின் கண் 0.33 மில்லிமீட்டர். பல கப்பல்களின் சேகரங்கள் கொச்சியில் பிரித்து எண்ணப்பட்டன. அரபிக்கடலைவிட வங்கக்கடல் வறியது என்று தெரிந்தது. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் கொட்டும் நன்னீர் எடை குறைந்தது. உப்புநீரின்மேல் மூடிபோல் மிதக்கிறது. காற்றால் அதைக் கலக்கிக் கீழுள்ள சத்தை மேலே கொணர முடிவதில்லை. கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்தார் 2002இல் இதை விளக்கினர். கோடிக்கணக்கான மக்களுக்குச் சோறிடும் ஆறுகளே நடுக்கடலைப் பட்டினி போடுவது விந்தைதான்.

1988இல் சாலி சிஷோமும் ராபர்ட் ஓல்சனும் குழுவினரும் 'புரோகுளோரோகாக்கஸ்' என்னும் உயிரை உலகறியச் செய்தனர். ஏறத்தாழ 0.0006 மில்லிமீட்டர், கிஸ்ட்னா காலத்து வலைக்கண்ணில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் சற்றே சிறியது. சத்தற்ற வெப்பக்கடலில் ஒரு மில்லிலிட்டர் நீரில் ஒரு லட்சம்வரை இருக்கும். உடல் சிறுத்தால் பருமனைவிட மேற்பரப்பு மிகும். அரிதான சத்தையும் உறிஞ்சிக்கொள்ளலாம். வறுமைக்கென்றே அமைந்த உடல்.

அப்படியானால் கடல் வறியதில்லையா? வறியதுதான். இந்த நுண்ணுயிரைப் பெரிய மீன் நேரே உண்ண முடியாது. ஓரணு உயிர் இதை உண்ண, அதை இன்னொன்று உண்ண, ஒவ்வொரு வாயிலும் பெரும்பகுதி கழிந்துபோக, மீனுக்கு எட்டுவது சொற்பம். பெரியவரிடம் இதைச் சொன்னேன். நூலை இழுத்து முடிச்சிட்டபடியே, "அப்ப கண்ணு சின்னதா வலை போட்டாலும் பிரயோசனமில்ல" என்றார்.