பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்கா

பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்கா என்பது இங்கிலாந்தின் நடுப்பகுதியில் அமைந்துள்ள ஒரு மேட்டுநிலத் தேசியப் பூங்கா ஆகும். 1951 ஏப்ரல் 17 அன்று அறிவிக்கப்பட்ட இதுவே ஐக்கிய இராச்சியத்தின் முதல் தேசியப் பூங்கா ஆகும். இதன் பரப்பளவு ஏறத்தாழ 1,438 சதுர கிலோமீட்டர்கள். பெரும்பகுதி டார்பிஷயர் கவுண்டியில் அடங்கும். செஷயர், ஸ்டாஃபர்ட்ஷயர், தெற்கு யார்க்ஷயர், மேற்கு யார்க்ஷயர், பெருநகர மான்செஸ்டர் ஆகியவற்றின் சில பகுதிகளும் இதனுள் உள்ளன. மான்செஸ்டர், ஷெஃபீல்ட் ஆகிய இரு பெரிய தொழில் நகரங்களுக்கு இடையில் இது அமைந்துள்ளது. அந்நகரங்களின் தொழிலாளர்கள் இம்மலைகளில் நடக்கும் உரிமைக்காக நடத்திய போராட்டம் இப்பூங்காவின் வரலாற்றில் முக்கிய இடம் பெறுகிறது.

பெயரும் தன்மையும்

"பீக்" என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் சிகரம் என்று பொருள் இருந்தாலும் இங்கு கூரிய சிகரங்கள் மிகக் குறைவு. பழங்காலத்தில் இப்பகுதியில் வாழ்ந்த பெக்சீட்டான் என்ற ஆங்கிலோ-சாக்சன் குழுவினரின் பெயருடன் இப்பெயர் தொடர்புடையது எனக் கருதப்படுகிறது.

இது மக்கள் வசிக்காத காப்புக்காடு அன்று. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 38,000 பேர் பூங்கா எல்லைக்குள் வாழ்ந்தனர். நிலத்தின் பெரும்பகுதி விவசாயிகள், பெருநிலக்கிழார்கள், குடிநீர் நிறுவனங்கள், நேஷனல் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளை ஆகியோருக்குச் சொந்தமானது. பூங்கா ஆணையத்துக்கு உரிமையான நிலம் மிகச் சிறிய பங்கே ஆகும். கட்டடங்களுக்கு அனுமதி வழங்குதல், நிலத்தோற்றத்தைக் காத்தல், பொதுமக்கள் அதனைக் கண்டு மகிழ வழி செய்தல் ஆகியவை ஆணையத்தின் பணிகளாகும். பெரிய சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் அவற்றை அடுத்த பக்ஸ்டன் நகரமும் எல்லைக்கு வெளியே விடப்பட்டன.

புவியியல்

பூங்கா இரு பெரும் பிரிவுகளாகப் பிரித்துப் பார்க்கப்படுகிறது.

வெள்ளை பீக்: தெற்கிலும் நடுவிலும் உள்ள சுண்ணாம்புக்கல் பகுதி. பசும்புல் வெளிகள், ஆழமான குறுகிய பள்ளத்தாக்குகள், குகைகள் ஆகியவை இதன் அடையாளங்கள். சாந்து இன்றிக் கல்மேல் கல் அடுக்கிக் கட்டப்பட்ட நீண்ட சுவர்கள் வயல்களைப் பிரிக்கின்றன.

கரும் பீக்: வடக்கிலும், இரு பக்கவாட்டிலும் உள்ள கரடுமுரடான மணற்கல் பகுதி. மணற்கல் நீரை எளிதில் வடியவிடாததால், மேட்டுநிலத்தின்மீது பல்லாயிரம் ஆண்டுகளாக மக்கிய தாவரங்கள் சேர்ந்து "பீட்" எனப்படும் கரிய ஈரமண் உருவாகியுள்ளது. மரங்களற்ற இந்நிலம் "மூர்" எனப்படும். இங்கு வளரும் ஹெதர் புதர்கள் ஆகஸ்டு மாதத்தில் ஊதா நிறத்தில் பூக்கின்றன. பூங்காவின் மிக உயர்ந்த இடமான கிண்டர் ஸ்கவுட் (636 மீட்டர்) இப்பிரிவில் உள்ளது. இது சிகரமாக இல்லாமல் அகன்ற பீடபூமியாக உள்ளது. இதன் மேற்கு விளிம்பில் விழும் கிண்டர் டவுன்ஃபால் அருவியின் நீர், பலத்த மேல்காற்று வீசும்போது மேல்நோக்கித் தூக்கி வீசப்படுவதைக் காணலாம்.

இங்கிலாந்தில் மலை முயல்கள் இயற்கைச் சூழலில் வாழும் ஒரே பகுதி பீக் டிஸ்ட்ரிக்ட் ஆகும். இவை 19 ஆம் நூற்றாண்டில் வேட்டைக்காக ஸ்காட்லாந்திலிருந்து கொண்டுவரப்பட்டவை. குளிர்காலத்தில் இவற்றின் உரோமம் வெண்ணிறமாக மாறும்.

வரலாறு

நடக்கும் உரிமைக்கான போராட்டம்

18, 19 ஆம் நூற்றாண்டுகளில் நிறைவேற்றப்பட்ட நில அடைப்புச் சட்டங்களால் பொதுப் பயன்பாட்டில் இருந்த மூர் நிலங்கள் தனியார் உடைமைகளாயின. நில உரிமையாளர்கள் அவற்றைக் கிரௌஸ் என்னும் பறவையை வேட்டையாடும் களங்களாக வைத்திருந்தனர். பிறர் நுழையாதவாறு காவலர்களும் நியமிக்கப்பட்டனர். புகை சூழ்ந்த நகரங்களில் வாரம் முழுவதும் உழைத்த மக்களுக்கு, கண்ணுக்கு எட்டிய தொலைவில் இருந்த மலைகள் கால்வைக்க முடியாதவையாக இருந்தன.

1932 ஏப்ரல் 24 அன்று, ஹேஃபீல்ட் ஊரின் அருகிலிருந்து சுமார் 400 பேர் தடையை மீறிக் கிண்டர் ஸ்கவுட் மீது ஏறினர். இருபது வயதான பென்னி ராத்மன் இவர்களை வழிநடத்தியோருள் முதன்மையானவர். எடேல் பக்கமிருந்து வந்த மற்றொரு குழுவும் இவர்களுடன் இணைந்தது. காவலர்களுடன் கைகலப்பு ஏற்பட்டது. பிறர் நிலத்தில் நுழைவது மட்டும் அக்காலச் சட்டப்படி குற்றவியல் குற்றம் அன்று. எனவே, கைது செய்யப்பட்டோர்மீது கலவரம் விளைவிக்கும் வகையில் கூடியது, தாக்கியது போன்ற குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. ஐவருக்கு இரண்டு முதல் ஆறு மாதங்கள் வரை சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. இத்தண்டனை பொதுமக்களிடையே பரவலான அனுதாபத்தை உருவாக்கியது.

அன்றைய நடைப்பயணச் சங்கங்கள் பல இந்த மீறலை ஆதரிக்கவில்லை. சட்ட வழியிலான பேச்சுவார்த்தைகளுக்கு இது இடையூறு என அவை கருதின. பின்வந்த சட்டங்களில் இந்நிகழ்வின் பங்கு எவ்வளவு என்பது பற்றி வரலாற்றாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

சட்டங்கள்

தேசியப் பூங்காக்களை அமைப்பதற்கான சட்டம் 1949 இல் நிறைவேறியது. எடேலில் தொடங்கி ஸ்காட்லாந்தின் கிர்க் யெத்தோம் வரை ஏறத்தாழ 430 கிலோமீட்டர்கள் நீளும் பென்னைன் வே நடைபாதை 1965 இல் திறக்கப்பட்டது. கிண்டர் ஸ்கவுட்டை 1982 இல் நேஷனல் டிரஸ்ட் வாங்கியது. நாட்டுப்புறம் மற்றும் வழியுரிமைச் சட்டம் 2000 இல் நிறைவேறியது. மலை, மூர், பொதுப் புல்வெளி என வரையறுக்கப்பட்ட நிலங்களில், பாதையை விட்டு விலகியும் நடக்கும் உரிமையை அது வழங்கியது. 1932 இல் கிண்டர் ஸ்கவுட்டின் உரிமையாளராக இருந்த டெவன்ஷயர் கோமகனின் பேரனான அப்போதைய கோமகன், அந்நிகழ்வின் 70 ஆம் ஆண்டு விழாவில் (2002) தம் பாட்டனாரின் செயலுக்காகப் பொதுவெளியில் மன்னிப்புக் கோரினார்.

பார்க்கத்தக்க இடங்கள்

எடேல்: கிண்டர் ஸ்கவுட்டின் தென் அடிவாரத்தில் உள்ள சிற்றூர். பென்னைன் வே இங்கு தொடங்குகிறது.

காசில்டன், மாம் டோர்: காசில்டனில் பொதுமக்கள் பார்வைக்குரிய நான்கு குகைகள் உள்ளன. ஊதா, மஞ்சள் வரிகள் கொண்ட புளூ ஜான் என்னும் கனிமம் இங்கு கிடைக்கிறது. அருகிலுள்ள மாம் டோர் குன்று (517 மீட்டர்) தொடர்ந்து சரிந்து வருவதால் "நடுங்கும் மலை" எனப்படுகிறது. அதன் சரிவில் சென்ற நெடுஞ்சாலை 1979 இல் நிரந்தரமாக மூடப்பட்டது. பிளந்து கிடக்கும் பழைய சாலையில் இன்றும் நடந்து செல்லலாம்.

ஈயம்: 1665 இல் கொள்ளை நோய் பரவியபோது, அது அண்டை ஊர்களைத் தொடாதிருக்க, பாதிரியார்கள் வில்லியம் மாம்பெசன், தாமஸ் ஸ்டான்லி ஆகியோரின் வழிகாட்டலில் ஊர்மக்கள் தங்களைத் தாங்களே தனிமைப்படுத்திக்கொண்ட கிராமம். மரபுக் கணக்கின்படி 260 பேர் இறந்தனர். வெளியூரார் எல்லைக்கல்லில் உணவை வைத்துச் செல்ல, ஊரார் அதற்குரிய காசை வினிகரில் நனைத்து வைத்தனர். அக்கல்லை இன்றும் காணலாம்.

லேடிபவர் நீர்த்தேக்கம்: 1945 இல் ஆறாம் ஜார்ஜ் மன்னரால் திறந்துவைக்கப்பட்டது. டெர்வென்ட், ஆஷப்டன் ஆகிய இரு ஊர்கள் இதில் மூழ்கின. 2018, 2022 ஆம் ஆண்டுகளின் வறண்ட காலங்களில் டெர்வென்ட் ஊரின் இடிபாடுகள் வெளியே தெரிந்தன.

பேக்வெல்: பூங்கா ஆணையத்தின் தலைமையகம் உள்ள சந்தை நகரம். இதன் அருகில் டெவன்ஷயர் கோமகன்களின் மாளிகையான சாட்ஸ்வொர்த் அமைந்துள்ளது.

மான்சல் பாதை: 1968 இல் மூடப்பட்ட இரயில் தடத்தில் அமைந்த நடைபாதை. இதன் சுரங்கங்கள் 2011 இல் நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் திறக்கப்பட்டன.

பயணக் குறிப்புகள்

பூங்காவுக்கு நுழைவுக் கட்டணமோ நுழைவாயிலோ இல்லை. மான்செஸ்டர் - ஷெஃபீல்ட் இரயில் தடத்தில் எடேல், ஹோப், பாம்ஃபர்ட், ஹேதர்சேஜ், கிரிண்டில்ஃபர்ட் ஆகிய நிலையங்கள் பூங்காவினுள் உள்ளன. நிலையத்தில் இறங்கியவுடன் நடைபயணத்தைத் தொடங்கலாம்.

விவசாய நிலங்களின் ஊடே பொது நடைபாதைகள் செல்கின்றன. மஞ்சள் அம்புக்குறி நடப்போருக்கு மட்டுமான பாதையையும், நீல அம்புக்குறி குதிரையும் மிதிவண்டியும் செல்லத்தக்க பாதையையும் குறிக்கும். வழியில் உள்ள கதவுகளைத் திறந்தால் மீண்டும் மூட வேண்டும். இல்லையேல் ஆடுமாடுகள் வெளியேறிவிடும். 2000 ஆம் ஆண்டுச் சட்டம் தரும் உரிமை நடப்பதற்கு மட்டுமே உரியது. கூடாரமிட நில உரிமையாளரின் அனுமதி தேவை. நிலத்தில் கூடுகட்டும் பறவைகளின் நலன் கருதி, இந்நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாய்களைக் குறுகிய கயிற்றில் பிடித்துச் செல்ல வேண்டும்.

உயரம் குறைவெனினும் கரும் பீக் பகுதியை எளிதாகக் கருதலாகாது. பீடபூமியில் மூடுபனி விரைவில் சூழும். அடையாளம் காட்டும் மரமோ கட்டடமோ இராது. 1948 நவம்பரில் அமெரிக்க வான்படை விமானம் ஒன்று பிளீக்லோ மேட்டில் மோதி அதிலிருந்த 13 பேரும் இறந்தனர். அதன் சிதைவுகள் இன்றும் அங்கு கிடக்கின்றன. நிலப்படம், திசைகாட்டி, மழையாடை ஆகியவை கோடையிலும் தேவை. விபத்து நேர்ந்தால் 999 என்ற எண்ணை அழைத்துக் காவல்துறை வழியாக மலை மீட்புக் குழுவைக் கோரலாம். இக்குழுவினர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள்.

சுற்றுச்சூழல் சிக்கல்கள்

தொழிற்புரட்சிக் காலம் முதல் அண்டை நகரங்களின் ஆலைப்புகையிலிருந்த கந்தகம், பீட் மண்ணை உருவாக்கும் ஸ்பாக்னம் பாசியை அழித்தது. மூடாக்கு இழந்த மண் மழையில் அரித்துச் செல்லப்பட்டது. அதில் சேர்ந்திருந்த கார்பனும் வெளியேறியது. நடப்போரின் காலடிகளும் பாதைகளை அகன்ற சேற்றுப் பள்ளங்களாக மாற்றின. பென்னைன் வேயின் சில பகுதிகளில் இதனைத் தடுக்கக் கற்பலகைகள் பதிக்கப்பட்டன; அவற்றுள் பல, இடிக்கப்பட்ட பஞ்சாலைகளின் தளத்திலிருந்து எடுக்கப்பட்டவை. 2003 இல் தொடங்கப்பட்ட மீட்புத் திட்டம் ஒன்றின்கீழ் நீரோடைகளைச் சிறு தடுப்புகளால் மறித்து ஸ்பாக்னம் மீண்டும் நடப்பட்டு வருகிறது.

உலர்ந்த பீட் மண்ணில் பற்றும் தீ நிலத்தினடியிலும் பரவக்கூடியது. 2018 ஜூனில் வடமேற்கிலுள்ள சாடில்வொர்த் மூரில் ஏற்பட்ட தீயை அணைக்க இராணுவத்தின் உதவி தேவைப்பட்டது. எனவே மூர் நிலங்களில் தீ மூட்டுவதும் கையடக்க அடுப்புகளைப் பயன்படுத்துவதும் தவிர்க்கப்பட வேண்டியவை. போராடிப் பெற்ற நடக்கும் உரிமையையும் நடக்கப்படும் நிலத்தையும் ஒருசேரக் காப்பது இப்பூங்காவின் முதன்மையான சவாலாக உள்ளது.