நெடுந்தீவுக் குதிரைகள்

நெடுந்தீவுக் குதிரைகள், இலங்கையின் வடக்கே பாக்கு நீரிணையில் உள்ள நெடுந்தீவில் உரிமையாளர் இன்றித் திரியும் மட்டக்குதிரைகள் ஆகும். சுற்றுலாக் கையேடுகள் இவற்றைக் 'காட்டுக் குதிரை' என்கின்றன. அது சரியன்று. ஆதியிலிருந்தே காட்டில் வாழ்ந்த விலங்கு அல்ல இது. வளர்த்தவர்கள் போனபின் தானாகப் பெருகிய வீட்டு விலங்கு. அவிழ்த்துவிட்டு ஆள் பாராத மாட்டுக்கு யாழ்ப்பாணத்தில் கட்டாக்காலி என்று பெயர். குதிரைக்கும் அதுவே பொருத்தமான சொல். விலங்கியலில் இதற்குத் தனிப் பெயர் கிடையாது. உலகிலுள்ள மற்ற வீட்டுக் குதிரைகள் எல்லாம் அடங்கும் ஈக்குவஸ் கபல்லஸ் என்ற இனத்திலேயே இதுவும் அடங்கும்.

நெடுந்தீவின் பரப்பு சுமார் 50 சதுர கிலோமீற்றர். யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுக் கூட்டமாகிய தீவகத்தில் கரையிலிருந்து மிக எட்டத்தில் இருப்பது இதுவே. புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையில் படகேறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். போர்த்துக்கீசர் இதைப் 'பசுக்களின் தீவு' என்று பொருள்படத் தம் மொழியில் அழைத்தனர். ஒல்லாந்தர் தீவகம் முழுவதற்கும் தம் ஊர்ப் பெயர்களைச் சூட்டினர். காரைதீவு அம்ஸ்டர்டாம் ஆயிற்று, வேலணை லைடன், புங்குடுதீவு மிடல்பர்க், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ஃப்ற். மற்றப் பெயர்கள் உதிர்ந்துபோக, டெல்ஃப்ற் மட்டும் ஆங்கில வரைபடங்களில் ஒட்டிக்கொண்டு இன்றுவரை இருக்கிறது. ஆகவே பிறநாட்டார் இக்குதிரைகளை 'டெல்ஃப்ற் போனி' என்றே அறிவர்.

கடல்வழி வந்த குதிரை

தீவகத்துக்கும் குதிரைக்குமான தொடர்பைப் போர்த்துக்கீசரிடமிருந்து தொடங்குவது வழக்கம். உண்மையில் அதை நானூறு ஆண்டுகள் முன்னிருந்தே தொடங்கவேண்டும். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உள்ளது. பொலன்னறுவையில் 1153 முதல் 1186 வரை ஆண்ட மன்னன் அவன். கா. இந்திரபாலா 1963இல் இதைப் படித்து வெளியிட்டார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து கூடவேண்டும். அவர்களுக்குக் காவல் உண்டு என்று கல்வெட்டு தொடங்குகிறது. அடுத்துவரும் விதிதான் நமக்கு வேண்டியது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால், கரைசேர்ந்ததில் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உரியவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் பாதிக்குப் பாதி.

இந்தக் கணக்கைச் சற்று நின்று பார்க்கவேண்டும். மிளகோ துணியோ கொண்டுவந்தவன் உடைந்த கப்பலில் மிஞ்சியதில் பாதியை இழக்கிறான். குதிரை கொண்டுவந்தவன் காற்பங்குதான் இழக்கிறான். குதிரை வணிகனைத் தன் துறைக்கு இழுக்க அரசன் தந்த சலுகை அது. யானைக்குப் பெயர்போன நாட்டின் அரசன் யானை வரவுக்கும் இதே சலுகையைத் தந்திருப்பது விந்தைதான். அவன் காலத்தில் பர்மாவோடு நடந்த போரில் யானை வணிகமும் ஒரு காரணம் என்பதை இங்கே நினைவுகொள்ளலாம். எப்படியாயினும், 12ஆம் நூற்றாண்டிலேயே தீவகக் கடலில் குதிரைக் கப்பல் ஓடியது, சிலவேளை உடைந்தது என்பதற்குக் கல்லே சாட்சி.

எதிர்க்கரையிலும் இதுவே நிலை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டுத் துறைகளில் ஆண்டுதோறும் 10,000 குதிரைகள் இறங்கின என்றும், ஒவ்வொன்றுக்கும் 220 பொன் தினார் விலை என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதினார். எண் பெரிதாக்கப்பட்டிருக்கலாம், வணிகம் பெரிது என்பதில் ஐயமில்லை. வந்த குதிரைகளில் பெரும்பாலானவை ஓர் ஆண்டுக்குள் மடிந்துவிடுகின்றன, பார்க்கத் தெரிந்த வைத்தியர் இல்லை, சோறும் இறைச்சியும் சமைத்துப் போடுகிறார்கள் என்று மார்க்கோ போலோ குறைப்பட்டார். பாண்டியன் தந்த பொன்னோடு குதிரை வாங்கப் புறப்பட்ட மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் கோயில் கட்டியதும், நரி பரியானதும் தமிழர் அறிந்த கதை. அந்தப் பெருந்துறை, இன்றைய ஆவுடையார்கோயில், பாக்கு நீரிணையின் மேற்குக் கரையிலிருந்து சற்று உள்ளே உள்ளது. கடல்வழி குதிரை வந்த காலத்தில் பிறந்த கதை, பெருந்துறை என்று பெயர்கொண்ட ஊரையே களமாகக் கொண்டது இயல்பு.

ஊர்காவற்றுறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'கயிற்ஸ்' என்ற பெயர், போர்த்துக்கீச மொழியில் 'யானைகளின் துறை' என்று பொருள்படும் தொடரின் தலைப்பகுதி. வன்னியில் பிடித்த யானைகள் ஆனையிறவு கடந்து யாழ்ப்பாணம் வந்து கடல்வழி போயின. ஆக, ஒரே கடலில் யானை போயிற்று, குதிரை வந்தது.

தீவே பட்டி

வாங்கிய குதிரைக்கு மாறாக வளர்த்த குதிரை என்ற எண்ணம் போர்த்துக்கீசர் காலத்தில் நடைமுறைக்கு வந்தது. யாழ்ப்பாண அரசை 1619இல் கைப்பற்றிய அவர்கள் பொலிக்குதிரைகளையும் பெட்டைக் குதிரைகளையும் தீவுகளில் இறக்கினர். அராபிய வணிகர்தான் முதலில் கொண்டுவந்தனர் என்ற பேச்சும் உண்டு. நெடுந்தீவில் நிற்கும் ஆபிரிக்கப் பெருக்கு மரத்தை அராபியர் நட்டனர் என்ற கதையின் வால் அது; பொருட்படுத்தத் தக்கதல்ல.

ஏன் தீவு? வேலி வேண்டாம் என்பதே விடை. பெருநிலத்தில் குதிரைப் பண்ணை வைப்பவன் வேலி கட்டவேண்டும், காவல் போடவேண்டும், வன்னிச் சிறுத்தைக்கு அஞ்சவேண்டும். நெடுந்தீவில் கடலே வேலி. களவெடுத்தவன் குதிரையை ஒளித்துவைக்க இடமில்லை. சிறுத்தை இல்லை, நரி குட்டியைக் கடிக்கும் என்ற பயமும் இல்லை. பசுக்கள் மேய்ந்து பெயர் வாங்கிய தீவு என்பதால் புல் உண்டு என்பதும் முன்பே தெரிந்தது. குறை ஒன்றுதான், நல்ல தண்ணீர். தீவின் நிலத்தடியில் முருகைக்கல். மழைநீர் அதன்மேல் மெல்லிய படலமாக நிற்கும். ஆழத் தோண்டினால் உப்பு. சாராப்பிட்டிப் பகுதியில் நன்னீர் கிடைப்பதால் கிணறுகளும் அங்கேயே திரண்டன.

ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தபோது தீவுகளில் குதிரைகள் ஏற்கெனவே திரிந்தன. அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் மதப்பணி செய்த பால்தேயஸ் பாதிரியார் 1672இல் அச்சான தம் நூலில் அவற்றைக் குறிப்பிடுகிறார். ஒல்லாந்தக் கம்பெனிக்கு எல்லாமே கணக்கு. நெடுந்தீவையும், 'இரு சகோதரர்' என்று தாம் அழைத்த இரணைதீவையும் குதிரைப் பண்ணையாக நடத்தினர். யாழ்ப்பாணக் கொமாண்டராக இருந்த ஹென்றிக் சுவார்டெக்ரூன் 1697இல் தாம் இல்லாதபோது ஆளும் யாழ்ப்பாணச் சபைக்கு விட்டுச்சென்ற நீண்ட நிர்வாகக் குறிப்பில் யானை, பனை, சாயவேர் ஆகியவற்றோடு குதிரையும் ஒரு வருமானத் தலைப்பு. (இவரே பின்னர் பத்தாவியாவில் ஆளுநர் நாயகமாகி யாவாவின் கோப்பிப் பயிரைப் பெருக்கியவர்.) அக்குறிப்பைச் சோபியா பீற்றர்ஸ் ஆங்கிலத்தில் பெயர்த்து 1911இல் கொழும்பில் அச்சிட்டதால்தான், ஒல்லாந்தர் காலப் பண்ணையைப் பற்றி இவ்வளவாவது சொல்லமுடிகிறது.

கண்டி மன்னனைக் குளிர்விக்கக் கம்பெனி அனுப்பிய பரிசுகளில் பாரசீகக் குதிரை முதலிடம் பெற்றது. தீவில் பிறந்த மட்டக்குதிரைக்கு அந்தப் பெருமை கிட்டவில்லை. அது வேலைக் குதிரை. கல்லும் மணலுமான பாதையில் குளம்பு தேயாமல் நடக்கும், கொள்ளு கொடுக்காவிட்டாலும் புல்லோடு சமாளிக்கும். அதுதான் அதன் விலை.

பிரித்தானியர் 1795இல் யாழ்ப்பாணத்தைப் பெற்றனர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நெடுந்தீவின் பொறுப்பில் லெப்டினன்ட் நோலன் என்ற ஐரிஷ்காரர் இருந்தார். தீவில் சிற்றரசர்போல் வாழ்ந்தவர். குதிரைப் பண்ணையை ஊக்கத்தோடு நடத்திய கடைசித் துரையும் அவரே. தீவின் தெற்கே இன்று 'குதிரை லாயம்' என்று காட்டப்படும் இடத்தில் முருகைக்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிக் கட்டிய தூண்கள் வரிசையாக நிற்கின்றன. கூரை போய்விட்டது. தூணுக்குத் தூண் உள்ள இடைவெளியில் ஒரு குதிரையைக் கட்டினால் பக்கத்துக் குதிரையை உதைக்க எட்டாது; கட்டியவனுக்குக் குதிரை தெரிந்திருக்கிறது. இதை ஒல்லாந்தர் கட்டினர் என்பாரும் நோலன் கட்டினார் என்பாரும் உண்டு. ஒல்லாந்தர் கட்டியதை நோலன் பயன்படுத்தினார் என்று கொள்வதே பொருத்தம்.

நோலனுக்குப்பின் பண்ணை தேய்ந்தது. 1905இல் வடக்கு ரயில்பாதை காங்கேசன்துறைவரை முழுமை பெற்றபின் யாழ்ப்பாணத்தில் குதிரையின் தேவையும் சுருங்கியது. லாயம் காலியாயிற்று, குதிரை வெளியே நின்றது.

உடலும் கூட்டமும்

தோள் உயரம் சுமார் 147 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் மட்டக்குதிரை என்பது உலக வழக்கு. நெடுந்தீவுக் குதிரை அந்த அளவுக்குள் அடங்கும். செம்பழுப்பும் கபிலமும் மிகுதி. தலைமுறை தலைமுறையாக உப்புப் பிடித்த குறும்புல்லைத் தின்று வளர்ந்த உடம்பு அது.

கூட்டம் என்று பொதுவாகச் சொன்னாலும் அது ஒரு பெரிய மந்தை அன்று. ஒரு பொலிக்குதிரை, சில பெட்டைகள், அவற்றின் குட்டிகள் என்று சிறுசிறு குடும்பங்கள். வயது வந்த ஆண்குட்டிகள் இரண்டு மூன்று வயதில் விரட்டப்பட்டு, தமக்குள் ஒரு வாலிபக் கூட்டமாகத் திரியும். பொலிக்குதிரை தன் இடத்தைச் சாணக் குவியலால் அறிவிக்கும். நடக்கும்போது நின்று, பழைய குவியலை முகர்ந்து, அதன்மேலேயே தானும் இட்டுவிட்டுத் திரும்பி மறுபடி முகர்ந்து பார்க்கும். அடுத்து வரும் ஆண் அதையே செய்யும். சண்டைக்குப் பதில் இந்தக் கடிதப் போக்குவரத்து.

சினைக்காலம் 11 மாதம், ஈற்றுக்கு ஒரு குட்டி. பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் குட்டி எழுந்து நிற்கப் பார்க்கும். முன்கால் இரண்டையும் அகல ஊன்றி, பின்புறத்தைத் தூக்கி, சரிந்து விழுந்து, மறுபடி ஊன்றும். நின்றபின் தாயின் மடியைத் தேடி முதலில் முன்கால் சந்தில் முட்டும். தாய் அசையாது நிற்கும்.

மாட்டுக்கும் குதிரைக்கும் ஒரே புல் என்றாலும் மேயும் விதம் வேறு. மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் இல்லை. நாக்கால் சுழற்றிப் பிடுங்கும், ஓரளவு நீண்ட புல் வேண்டும். குதிரைக்கு மேலும் கீழும் முன்பல் உண்டு. மாடு விட்ட அடிப்புல்லையும் கத்தரித்தாற்போல் கடித்தெடுக்கும். ஆனால் அசைபோடும் வயிறு அதற்கில்லை. தின்றதில் குறைந்த பங்கே உடம்பில் சேர்வதால் நாள் முழுதும் தின்றுகொண்டே இருக்கவேண்டும். கோடையில் வளர்ந்த குதிரைக்கு நாளொன்றுக்கு 20 லீற்றருக்குக் குறையாமல் தண்ணீரும் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாரியில் பள்ளமெல்லாம் நீர் நிற்கும். சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் துரவுகள் வற்றி, பூவல் என்னும் ஆழமற்ற ஊற்றுக்குழியில் ஊறுவதும் உவர்க்கும்போது, புல் இருந்தும் குதிரை மெலியும். இத்தீவில் குதிரையின் பகை பசியைவிடத் தாகமே.

பாக்கு நீரிணையின் மறுகரையில் கோடியக்கரைச் சரணாலயத்திலும் இவ்வாறு கட்டாக்காலியான மட்டக்குதிரைகள் உள்ளன. அங்கே வெளிமானுக்குப் போட்டியாகக் கருதப்படுகின்றன. அசாமின் திப்ரு-சைக்கோவாவில் இரண்டாம் உலகப்போர்ப் படைமுகாம்களிலிருந்து தப்பியவற்றின் வழித்தோன்றல்கள் திரிகின்றன. மன்னார் நகரத் தெருக்களில் அலையும் கழுதைகளின் கதையும் இதற்கு உறவுதான்.

இன்றைய நிலை

2015 ஜூனில் தீவின் ஒரு பகுதி, ஏறக்குறைய 1,846 ஹெக்டேயர், நெடுந்தீவு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு வனஜீவராசிகள் திணைக்களத்தின் கீழ் வந்தது. வறட்சியான ஆண்டுகளில் குதிரைகள் மடிவதும், தொட்டிகளில் தண்ணீர் நிரப்ப ஏற்பாடு நடப்பதும் உண்டு.