எலும்பைத் தேடிய ஒளி

ஒளியால் உடல் நலம் பெறும் என்னும் நம்பிக்கை மிகத் தொன்மையானது. ஆயினும் நம்பிக்கை வேறு; மெய்ப்பிக்கப்பட்ட அறிவு வேறு. ஒளி மருத்துவத்தின் வரலாறு இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவை உணர்த்துவதாகும்.

டென்மார்க்கு நாட்டு மருத்துவர் நீல்ஸ் ஃபின்சன், மின்விளக்கொளியைக் குவித்துத் தோல் காசநோயைக் குணப்படுத்தி, 1903-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். அதே ஆண்டில் ஆகுஸ்ட் ரோலியே என்பார், சுவிட்சர்லாந்தின் லேசான் மலையூரில், எலும்பை அரிக்கும் காசநோய்க்கு வெயிலையே மருந்தாக்கினார்.

1919-இல் பெர்லின் மருத்துவர் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி, எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோயுற்ற பிள்ளைகளுக்குப் பாதரச விளக்கின் புற ஊதா ஒளியை அளித்தார். ஒரு கையில் மட்டும் ஒளி படச் செய்தபோதும் மறு கையின் எலும்பும் தேறியது. ஒளி எலும்பை நேரே தொடவில்லை. தோலில் தோன்றிய ஒரு பொருளே குருதிவழிச் சென்று அப்பணியை ஆற்றியது. பின்னாளில் அது வைட்டமின் டி என அறியப்பட்டது.

1960-இல் தியோடர் மைமன் லேசர் ஒளியைத் தோற்றுவித்தார். 1967-இல் புடாபெஸ்ட் நகரில் எண்ட்ரே மெஸ்டர், மயிர் மழிக்கப்பட்ட சுண்டெலிகளின் மீது வலுக்குறைந்த லேசரைச் செலுத்தியபோது, ஒளி பட்ட இடத்தில் மயிர் விரைந்து வளரக் கண்டார். பின்னர்ப் புண்கள் ஆறுவதிலும் அவ்வொளியின் பயனை ஆராய்ந்தார்.

இவ்வாராய்ச்சியே காலப்போக்கில் எலும்பு ஒட்டினை நாடிச் சென்றது. விபத்தாலோ கட்டியை அகற்றியதாலோ எலும்பில் நேர்ந்த குழியை ஒட்டெலும்பால் நிரப்பினால் மட்டும் போதாது. அதனுள் புதிய குருதிக் குழாய்கள் படர வேண்டும்; எலும்பாக்கும் உயிரணுக்கள் அங்குக் குடியேற வேண்டும். சிவப்பொளியும் அதனை அடுத்த அகச்சிவப்பொளியும் உயிரணுவின் ஆற்றல் நிலையமாகிய மைட்டோகாண்டிரியாவைத் தூண்டி இப்பணிக்குத் துணைபுரியலாம் என்பது ஆய்வாளர் கருத்து. எலிகளில் நிகழ்த்திய சோதனைகள் பலவற்றில் புதிய எலும்பு மிகுதியாக வளர்ந்தது. எனினும் அலைநீளமும் அளவும் ஆய்வுதோறும் வேறுபடுகின்றன. ஒளி மிகின் பயன் குன்றுவதும் உண்டு. ஆதலின் ஒளி, ஒட்டுக்கு மாற்று அன்று, துணையாக வளரக்கூடியதே.

எலும்புக் குறையால் நடக்கவோ உண்ணவோ இயலாதார்க்கு இந்த வேறுபாடு சிறிதன்று. பொய் நம்பிக்கை அவர்தம் காலத்தையும் பொருளையும் கவர்ந்துவிடும். மறு கையையும் நோக்கிய ஹுல்ட்ஷின்ஸ்கியின் நிதானமே இத்துறைக்கு இன்றும் வேண்டப்படுவதாகும்.